விரல் மீண்ட வரலாறு

செய்வதறியாது திகைத்து நிற்கும் நிலையைக் குறிக்க நம் முன்னோர் கண்ட சொல் 'கையறுநிலை' என்பது. தலைவன் இறந்தபோது புலவர் வருந்திப் பாடும் புறத்துறைக்கும் அதுவே பெயர். கண்ணற்ற நிலை என்றோ காலற்ற நிலை என்றோ கூறாமல், கையற்ற நிலை என்றே கூறினர். கைத்தொழில், கைப்பொருள், கைம்மாறு, கையிருப்பு என வாழ்க்கைக்கு வேண்டுவனவற்றையெல்லாம் கையோடு சேர்த்தே எண்ணிய மொழி நம்முடையது. அயலான் மனைக்கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பாண்டியன் கதையை நாம் அனைவரும் இளமையில் கேட்டிருக்கிறோம். பொன்னாற் கை செய்து பொருத்திக்கொண்டமையால் அவன் பொற்கைப் பாண்டியன் எனப் பெயர் பெற்றான். அரசனாதலின் பொன் கிடைத்தது. ஆயினும் பொற்கை ஒளி வீசுமேயன்றிச் சோறு பிசையாது. பிள்ளையின் தலையைத் தடவினால் மென்மை அறியாது.

வெட்டுண்ட கையையும் முறிந்த விரலையும் மீண்டும் தொழில் செய்யும்படி ஆக்குதற்கு மனிதன் பட்ட பாடு நெடிய வரலாறு. யான் மருத்துவன் அல்லேன். கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தன். எனினும் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. எந்தையார் ரயில்வே யார்டில் ஷண்டிங் வேலை பார்த்தவர். யான் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு மழையிரவில், இரு வாகன்களுக்கிடையே நின்று ஸ்குரூ கப்ளிங்கைத் தூக்கி மாட்டுகையில் அது நழுவிற்று. வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் இரும்புக்கிடையே அகப்பட்டுக்கொண்டன. எலும்பு முறிந்தது, உட்புறம் ஆழமாக வெட்டுண்டது. கொண்டுசென்ற இடத்தில் தோலைத் தைத்து, தட்டையான மரச்சட்டம் ஒன்றில் கையை நீட்டிவைத்துக் கட்டி அனுப்பினர். எலும்பு கூடிற்று, புண்ணும் ஆறிற்று. இரண்டு மாதங் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது அவ்விரு விரல்களும் மரச்சட்டத்தைப் போலவே நேராக நின்றன. "நரம்பு போய்விட்டது, இனி இவ்வளவுதான்" என்று கூறிவிட்டனர். அன்று முதல் எந்தையார் மூன்று விரல்களால் உண்ணப் பழகினார்.

எந்த நரம்பு போயிற்று என்று அன்று எவரும் கேட்கவில்லை. இக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். வடமொழி மருத்துவ நூல்களுள் அறுவை மருத்துவத்துக்குத் தலையாயது சுச்ருத சங்கிதை. என்பு முறிவையும் மூட்டு நழுவலையும் தனித்தனியே வகுத்து, முறிவில் பன்னிரண்டு வகையும் நழுவலில் ஆறு வகையும் அந்நூல் கூறுகிறது. முறிந்த உறுப்பை நேராக்கி, மூங்கிற் பத்தைகளையும் அத்தி, அரசு முதலிய மரப்பட்டைகளையும் அணைத்துக் கட்டச் சொல்கிறது. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், இடைப்பட்ட காலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறையும், கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் கட்டை மாற்ற வேண்டும் என்பது அதன் விதி. கட்டு தளர்ந்தால் முறிவு நிலைகொள்ளாது, இறுகினால் வீங்கிப் புண்ணாகும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. விரல் முறிந்தாலோ நழுவினாலோ அதனைச் சமமாக அமைத்து, மெல்லிய துணியால் சுற்றி, நெய் வார்க்கச் சொல்கிறது. ஆந்திர நாட்டுப் புத்தூர்க் கட்டையும் நம் ஊர்ப்புற வைத்தியர் போடும் கட்டையும் கண்டவர்களுக்கு இவை புதியன அல்ல.

என்னை வியக்கச் செய்தது இதற்கடுத்த செய்தி. உள்ளங்கை முறிந்து கூடியபின் நோயாளி என் செய்யவேண்டும் என்பதற்கும் அந்நூல் விதி வகுத்துள்ளது. முதலில் மண்ணுருண்டையைப் பிடித்துப் பழகவேண்டும். அடுத்து உப்புக் கட்டியைப் பிடிக்கவேண்டும். கையில் வலிமை தோன்றியபின் கல்லைப் பிடிக்கவேண்டும். மண் நெகிழும், உப்பு சற்றே எதிர்த்து நிற்கும், கல் நெகிழாது. ஒன்றினின்று ஒன்றுக்கு ஏறும் இவ்வொழுங்கை இன்றைய பிசியோதெரபிக் கூடத்தில் வண்ண வண்ண ரப்பர்ப் பந்துகளாகக் காணலாம். எலும்பைக் கூட்டுவதோடு மருத்துவம் முடியவில்லை, விரல் தன் தொழிலுக்குத் திரும்பவேண்டும் என்பதை அன்றே ஒருவர் உணர்ந்திருந்தார். எந்தையாரின் கட்டை அவிழ்த்தவர்கள் மண்ணுருண்டையும் தரவில்லை. உப்புக் கட்டியும் தரவில்லை.

இனி மேலைநாட்டுக்குச் செல்வோம். அங்கே ஒரு சொல் பல நூற்றாண்டுகள் விரல்களைக் கெடுத்தது என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் நம் பேச்சிலேயே அக்குழப்பம் இருக்கிறது. முழங்கையில் நீலமாகப் புடைத்துத் தோன்றும் இரத்தக்குழாயை நரம்பு என்கிறோம். மணிக்கட்டில் கயிறுபோல் துருத்திக்கொண்டு விரலை இழுக்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். தொட்ட உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்வதும் நரம்பே. மூன்றும் வேறு, மூன்றுக்கும் பெயர் ஒன்று. பண்டைக் கிரேக்கரிடத்தும் 'நியூரான்' என்னும் சொல் முதலில் நாணையே குறித்தது. பின்னர் உணர்நரம்புக்கும் அதுவே பெயராயிற்று.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்பார் பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராய் இருந்தவர். வெட்டுண்ட கைகளை அவரைப்போல் கண்டவர் அக்காலத்தில் சிலரே இருந்திருப்பர். அவரே, தசைநாண் என்பது உணர்நரம்பும் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரும் கலந்து திரண்ட பொருள் என்று எழுதினார். ஆகவே அதனை ஊசியால் குத்தினால் வலிப்புக் காணும் என்ற அச்சம் பரவிற்று. ஆழ்ந்த காயத்துக்குப்பின் நோயாளிகள் உடல் விறைத்து இறப்பதை அக்காலத்தார் கண்டிருப்பர். அது மண்ணிலுள்ள கிருமியால் வரும் இசிவு நோய் என்பதை எவ்வாறு அறிவார்? ஊசியின்மேல் பழி விழுந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. காலென் சொல் வேதவாக்காயிற்று. அறுந்த நாணைத் தைக்க மருத்துவர் அஞ்சினர். மேலே தோல் கூடும். உள்ளே நாண் அறுந்தபடியே கிடக்கும். விரல் வாழ்நாள் முழுதும் மடங்காது.

பாரசீகப் பேரறிஞர் இப்னு சீனா (980–1037) அறுந்த நாணைத் தைக்கலாம் என்று எழுதினார். ஐரோப்பிய மருத்துவர் சிலர் அவர் வழியைப் பின்பற்றினர். பலர் காலெனையே பற்றி நின்றனர். 1752-ஆம் ஆண்டில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் என்பார் விலங்குகளிடத்துச் சோதனை செய்து, நாணை வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு உணர்ச்சியில்லை என்று காட்டிய பின்னரே அப்பழைய அச்சம் நீங்கலாயிற்று. ஏறக்குறைய ஆயிரத்தறுநூறு ஆண்டுகள்! அத்தனைக் காலமும் எத்தனை உழவர், எத்தனை தச்சர், எத்தனை நெசவாளர் நீட்டிய விரலோடு வாழ்ந்து மடிந்தனரோ!

தைக்கலாம் என்று அறிந்தபின்னும் தைத்தவை நிலைக்கவில்லை. காரணம் சீழ். 1537-இல் டூரின் முற்றுகைப் போரில் இளம் அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரேயிடம் காயத்தில் ஊற்றும் கொதி எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டர்பென்டைன் இவற்றைக் கலந்து தடவினார். இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்து விடியலில் சென்று பார்த்தபோது, எண்ணெய் ஊற்றப்பெற்றவர் காய்ச்சலில் துடிக்க, ஊற்றப்பெறாதவர் அமைதியாக உறங்கியிருந்தனர். சுடுவது மருந்தன்று என்பது அன்று தெரிந்தது. ஆனால் சீழின் காரணம் தெரிய இன்னும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ மருத்துவமனைக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொணரப்பட்டான். வண்டிச்சக்கரம் ஏறி அவன் கால் எலும்பு முறிந்து தோலையும் கிழித்திருந்தது. அக்காலத்தில் அத்தகைய முறிவுக்குக் காலை வெட்டுவதே பெருவழக்கு. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணைப் பொதிந்தார். ஆறு வாரங்களில் சிறுவன் நலமடைந்தான். கை அறுவைக்கும் கால் அறுவைக்கும் பொதுவான கதவு அன்று திறந்தது.

கைக்கே உரிய ஓர் ஆபத்தைத் தெளிவாக்கியவர் சிகாகோ நகரத்து ஆலன் கானவெல். விரல் நாண்கள் நெய்ப்பசையுள்ள உறைகளுக்குள் ஓடுகின்றன. முள் குத்திய சிறு துளைவழிக் கிருமி அவ்வுறைக்குள் புகுந்தால் நாண் முழுதும் அழுகும். அவ்வுறைகள் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றன, சீழ் எவ்வழிப் பரவும் என்பதை ஆய்ந்து 1912-இல் அவர் நூல் வெளியிட்டார். விரல் முழுதும் ஒரே சீராக வீங்குதல், அரைமடக்காய் நிற்றல், உறையின்மேல் தொட்டால் வலி, நீட்டினால் பொறுக்கவொண்ணா வலி: இந்நான்கு குறிகளையும் மருத்துவ மாணவர் இன்றும் அவர் பெயராலேயே படிக்கின்றனர். பென்சிலின் இல்லாத காலத்தில் இவற்றைக் காணத் தவறியதால் கையையே இழந்தவர் உண்டு.

மாவுக்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. டச்சுப் படைமருத்துவர் மத்தைசென் 1852-இல் சுண்ணமாவு தடவிய துணிச்சுருளை அறிமுகப்படுத்தினார். எக்ஸ்ரேயின் கதை அதனினும் சுவையானது. 1895 நவம்பரில் ரான்ட்ஜென் புதுக்கதிரைக் கண்டார்; டிசம்பர் 22-ஆம் நாள் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் தம் மனைவியாரின் கை. விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. மறுமாதமே இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஜான் ஹால் எட்வர்ட்ஸ் ஒருவர் கையில் புதைந்த ஊசியை அக்கதிர்கொண்டு கண்டறிந்தார். பிறர் கையைக் காத்த அக்கதிரே அவர் கையைத் தின்றது. அளவறியாது கதிரில் நின்றமையால், 1908-இல் அவர் இடக்கையை வெட்டி எடுத்தனர். பின்னர் வலக்கையிலும் நான்கு விரல்கள் போயின. நாம் இன்று சில நொடிகளில் எடுத்துக்கொள்ளும் படத்துக்கு விலை கொடுத்தவர்களுள் அவர் ஒருவர்.

இவ்விடத்தில் ரயில்வேக்காரன் என்ற முறையில் சற்றே நின்று செல்ல விரும்புகிறேன். முறிந்த விரலைக் கூட்டுவது ஒரு வரலாறு. முறியாமற் காப்பது இன்னொரு வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்களில் பெட்டியைப் பெட்டியோடு பூட்டக் கண்ணியும் முளையும் பயன்பட்டன. வந்துகொண்டிருக்கும் பெட்டிக்கும் நிற்கும் பெட்டிக்கும் நடுவே ஆள் நின்று, கண்ணியைக் கையால் தூக்கி உள்ளே செலுத்தி, முளையை இறக்கவேண்டும். ஒரு நொடி பிந்தினால் விரல் போகும். சில வேளை உயிரும் போகும். விரல் குறைந்த கையைக் கண்டே ஒருவரைப் பழைய பிரேக்மேன் என்று அறிந்துகொண்டனராம். விர்ஜீனியாவில் துணிக்கடையொன்றில் எழுத்தராக இருந்த ஈலை ஜேனி, பெட்டிகள் மோதியதும் தாமே பூட்டிக்கொள்ளும் கப்ளர் ஒன்றைக் கண்டுபிடித்து 1873-இல் காப்புரிமை பெற்றார். இரு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றையொன்று பற்றச் செய்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறே அதன் அமைப்பு. மடங்கும் அந்த இரும்புத் துண்டுக்கு 'நக்கிள்', அதாவது விரற்கணு, என்றே பெயர். ஆயினும் கம்பெனிகள் செலவுக்கு அஞ்சித் தயங்கின. 1893-இல் சட்டம் வந்து, 1900-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின்னரே அந்நாட்டுப் பிரேக்மேன்களின் விரல்கள் தப்பின. இன்று நம் நாட்டுச் சரக்கு வாகன்களிலும் புதிய எல்.எச்.பி. பெட்டிகளிலும் உள்ள நடுபஃபர் கப்ளர் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எந்தையார் தூக்கியது அதுவன்று.

மீண்டும் மருத்துவத்துக்கு வருவோம். ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உள்ளன. கட்டைவிரலுக்கு மட்டும் ஒன்று. மேல்நாண் நடுக்கணு எலும்பில் முடிகிறது. அடிநாண் நுனியெலும்பு வரை செல்கிறது. அடியில் இருப்பது நுனிக்குச் செல்லவேண்டுமாதலின், மேல்நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, அப்பிளவினூடே அது நுழைந்து செல்கிறது. இவ்வளவும் ஒரு குறுகிய உறைக்குள். இருப்புப்பாதை மொழியிற் கூறினால், இரு பாதைகள் ஒரே குகைக்குள் சென்று ஒன்றையொன்று ஊடறுக்கின்றன. உள்ளங்கையின் மேல்ரேகை தொடங்கி விரலின் நடுப்பகுதி வரையுள்ள இவ்விடத்தில் வெட்டு விழுந்தால், தைத்த நாண்கள் உறையோடும் தமக்குள்ளும் ஒட்டிக்கொண்டு நகராமற் போகும். சான்பிரான்சிஸ்கோ நகரத்து ஸ்டெர்லிங் பன்னெல் (1882–1957) இவ்விடத்துக்குப் போர்க்களத்திலிருந்து ஒரு பெயரை எடுத்து வழங்கினார். இரு படைகளின் பதுங்குகுழிகளுக்கிடையே எவரும் கால்வைக்க அஞ்சும் வெற்றுநிலத்தின் பெயர் அது. அங்கே உடனே தைக்காதீர். தோலை மட்டும் மூடுங்கள். புண் ஆறியபின் வேறிடத்து நாணைக் கொணர்ந்து ஒட்டுங்கள் என்பது அவர் அறிவுரை. தைத்துக் கெடுத்த கைகளைக் கண்டு சொன்ன சொல் அது.

பன்னெல் 1944-இல் வெளியிட்ட கை அறுவை நூல் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைமருத்துவர்களுக்குக் கைநூலாயிற்று. கை காயமுற்ற வீரர்க்கென ஒன்பது தனி நிலையங்கள் அமைந்தன. எலும்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று கையைப் பங்கு போடாமல், முழுக்கையையும் ஒருவரே அறிந்து மருத்துவம் செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. 1946-இல் அமெரிக்கக் கை அறுவைச் சங்கம் தோன்றிற்று.

அவர் விலக்கிய நிலத்தில் பின்வந்தோர் துணிந்து நுழைந்தனர். சுவிட்சர்லாந்தில் குளோது வெர்தான் 1960-இலும், அமெரிக்காவில் லூயிவில் நகரத்து ஹாரல்டு கிளைனர்ட் 1967-இலும், அங்கே உடனே தைத்தும் நற்பயன் காணலாம் என்று காட்டினர். கிளைனர்ட் செய்த உபாயம் எளியது. மணிக்கட்டைச் சற்று மடக்கிக் கட்டினார். விரல்நகத்தில் ஒரு கொக்கி வைத்து ரப்பர் பட்டையால் மணிக்கட்டோடு இணைத்தார். நோயாளி விரலைத் தானே நீட்டுவான். மடக்குவது ரப்பரின் வேலை. தைத்த நாணுக்கு இழுவிசை இல்லை. ஆனால் அது உறைக்குள் நாள்தோறும் முன்னும் பின்னும் நகர்கிறது. நகர்வதால் ஒட்டுவதில்லை. தைத்த நாணுக்கு ஓய்வே மருந்து என்று அதுவரை எண்ணியிருந்தனர்; அளவான அசைவே மருந்து என்று தெளிந்தது. வடமொழி நூலாரின் மண்ணுருண்டை என் நினைவுக்கு வந்தது இவ்விடத்தில்தான்.

அறுந்து வீழ்ந்த உறுப்பையே திரும்ப ஒட்டும் வித்தையும் அக்காலத்தில் கைகூடிற்று. 1962 மே மாதம் பாஸ்டன் நகரருகே சரக்கு ரயிலில் தொற்றி ஏற முயன்ற 12 வயதுச் சிறுவனின் வலக்கை தோளருகே துண்டிக்கப்பட்டது. ரொனால்டு மால்ட் என்பாரும் குழுவினரும் அதனை ஒட்டினர். 1963 ஜனவரியில் ஷாங்காய் நகரில் தொழிலாளி ஒருவரின் துண்டுண்ட கையைச் சென் சோங்வெய் ஒட்டினார். 1965-இல் ஜப்பானின் நாரா நகரில் கோமாட்சுவும் தமாயும் முற்றிலும் அறுந்த கட்டைவிரலை ஒட்டினர். விரலின் இரத்தக்குழாய் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உடையது. மைக்ராஸ்கோப்பின் கீழ்த் தலைமயிரினும் மெல்லிய இழையால் அதனைத் தைக்கவேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இவ்வரலாற்றில் பெரும்பங்கு உண்டு என்பதை இங்குள்ள இளைஞர் அறிதல் வேண்டும். கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர் பால் பிராண்ட். மருத்துவம் படிக்குமுன் கட்டடத் தொழில் பயின்றவர். தச்சும் கொத்தும் அறிந்தவர். 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, இவற்றை நிமிர்த்த எவரும் ஏன் முயலவில்லை என்று வினவினார். தொழுநோயாளியின் தசை ஆறாது, வெட்டினால் அழுகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அவர் ஆராய்ந்து பார்த்தபோது தசை மற்றோர் தசை போலவே ஆறிற்று. நோய் கொன்றது உணர்நரம்பை. அதனால் வலி தெரியவில்லை. வலி தெரியாமையால் நோயாளி தன் விரலைத் தானே காயப்படுத்திக்கொண்டான். இரவில் விரல் குறைந்து காணப்பட்ட மாயத்தை ஆராய, உறங்குவோர் விரலை எலிகள் கடித்துச் சென்றது தெரிந்தது. அதன்பின் வீடு செல்லும் நோயாளிக்குத் துணையாகப் பூனை கொடுத்தனுப்பினராம்.

பிராண்ட் 1948 முதல், உயிருள்ள நாணொன்றைப் பிரித்து, செயலற்ற தசையின் வேலையைச் செய்யுமாறு மாற்றித் தைக்கத் தொடங்கினார். நேற்றுவரை ஒரு விரலை மடக்கிய நாண் இன்று நான்கு விரல்களை நிமிர்த்தவேண்டும். மூளை அதனைப் புதிதாகக் கற்கவேண்டும். அறுவை சில மணி நேரத்தில் முடியும். கற்பதற்குப் பல வாரங்கள் ஆகும். உலகின் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர் வேலூருக்கு வந்து அதனைக் கற்றுச் சென்றனர். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-இல் டாக்டர் வெங்கடசாமி கை அறுவைக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். சாய்வாக அறுந்த விரல்நுனியை அதே விரலின் தோலை முக்கோணமாக நகர்த்தி மூட அவரும் டாக்டர் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்ட முறை, இன்றும் அவர்கள் பெயரால் உலக நூல்களில் வழங்குகிறது. கோவையில் 1978-இல் தோன்றிய கங்கா மருத்துவமனையும் கை அறுவையில் பெயர் பெற்றது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். கையில் வெட்டுப்பட்டால் காப்பிப்பொடியும் மஞ்சளும் அப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. அதனால் காயத்தின் உள்ளே அழுக்குச் சேரும். மருத்துவர் பார்வைக்கும் மறையும். ஓடும் நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைத்தால் பெரும்பாலும் இரத்தம் நிற்கும். வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடல் வேண்டும். இரத்தம் நின்றதும் மனம் ஆறுதல் அடைகிறது, அங்கேதான் ஏமாறுகிறோம். ஒவ்வொரு விரற்கணுவும் தனித்தனியே மடங்குகிறதா, நிமிர்கிறதா, விரலின் இருபுறமும் தொட்டால் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். மடங்காவிடின் நாண், மரத்திருந்தால் உணர்நரம்பு, வெளுத்துக் குளிர்ந்திருந்தால் இரத்தக்குழாய். இவற்றுள் எது குறைந்தாலும் அன்றே கை அறுவை அறிந்தவரிடம் செல்லவேண்டும். இசிவு நோய்த் தடுப்பூசியும் மறவாது கேட்கவேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதனை ஈரமான தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டுசெல்லவேண்டும். பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது.

முறிந்த விரல் நேராகத் தோன்றினாலும் முறுக்கிக் கூடியிருக்கலாம். கையை மடக்கும்போது அவ்விரல் அடுத்த விரலின்மேல் ஏறினால் அது முறுக்கு. அதனைப் படத்தைவிட மடக்கிய கையே நன்கு காட்டும். சாதாரண விரல் முறிவு மூன்று நான்கு வாரங்களில் அசைக்கத் தக்க அளவு கூடிவிடும். தேவையானால் கிர்ஷ்னர் 1909-இல் கொணர்ந்த மெல்லிய எஃகுக் கம்பியை ஊடே செலுத்தி நிறுத்துவர். கட்டும்போது விரலடிக் கணுக்களை மடக்கியும் மேற்கணுக்களை நீட்டியும் வைப்பதே முறை. தட்டையாய் நீட்டிவைத்தால் அடிக்கணுக்கள் இறுகிவிடும். தைத்த நாண் பளுத்தூக்கும் வலிமை பெற ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் செல்லும். தைத்த உணர்நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். மணிக்கட்டில் அறுந்தால் விரல்நுனிக்கு உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் காத்திருக்கவேண்டும்.

சென்ற ஆண்டு நம் சங்கத்து அன்பர் ஒருவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போது அது உடைந்து, சுட்டுவிரலின் அடியில் வெட்டுப்பட்டது. இரத்தம் விரைவில் நின்றுவிட்டமையால் அவர் அலுவலகம் புறப்பட இருந்தார். தற்செயலாக அவர் வீட்டுக்குச் சென்றிருந்த எந்தையார் அவ்விரலை மடக்கிக் காட்டச் சொன்னார், நுனி மடங்கவில்லை. அன்று மாலையே இரு நாண்களையும் தைத்தனர். ஐந்தாம் நாளிலிருந்து ரப்பர் பட்டையும் பயிற்சியும் தொடங்கின. இரண்டரை மாதத்துக்குப்பின், பிடித்துப் பழக ஏதேனும் வேண்டுமென்றபோது, அவர் மனைவியார் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். விரல் இப்போது நன்கு மடங்குகிறது. நுனி மட்டும் உள்ளங்கையைத் தொட இன்னும் அரை விரற்கடை இருக்கிறது. மாலை வேளைகளில் எந்தையார் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, அந்த இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தம் நீட்டிய விரலை வைத்து அளந்து பார்த்து வருகிறார்.